பாட்டுக்கு யார் பெயரில் பட்டா?

 

அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் மன்றத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. "பதினேழு உயிர் போன நாள்ல யூடியூப் பாட்டப் பத்தியா பேசப் போறிய?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த மேடையில் பஞ்சமி நிலம் பேசியிருக்கிறோம், கூலி பேசியிருக்கிறோம், விசாரணைக் கமிஷன் அறிக்கையை வரிவரியாகப் படித்துப் பேசியிருக்கிறோம். இந்த முறை 'எஞ்சாயி எஞ்சாமி' என்று தலைப்பைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே வாசிக்கிறோம். அந்தப் பாட்டு தேயிலைக்காரர்களின் பாட்டு. 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டவர்கள் தேயிலைக்காரர்களும் அவர்களுக்காக நடந்து வந்தவர்களும்தான்.

2021 கோடையை நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் முதல் அலை ஓய்ந்து இரண்டாம் அலை வருமுன் இருந்த சில வாரங்கள். சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் ஒரு பக்கம். நம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில் இந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. கொடை நடந்த ஊர்களில் வில்லுப்பாட்டு முடிந்து ஒலிபெருக்கிக்காரர் கையில் மேடை வந்ததும் இதைத்தான் போட்டார். தேரிக்காட்டுப் பக்கம் சைக்கிளில் போன ஒரு பனையேறி இதன் முதல் அடியை முனகிக்கொண்டு போனதை நாங்களே கேட்டோம். கல்யாண வீடுகளில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஆடினார்கள். ஒப்பாரியின் வயிற்றில் பிறந்த பாட்டு இது என்பது ஆடியவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஆடியிருப்பார்கள். நம் தெருவில் சாவுக்கும் ஆட்டம் உண்டு.

முதலில் விவரங்கள். பாட்டு 2021 மார்ச் 7 அன்று வெளியானது. எழுதியவர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். காணொலியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது 'மாஜா' என்ற புதிய நிறுவனம். சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்களுக்கு இடம் தருவோம் என்று தொடங்கப்பட்டது அது. ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவும் அதற்கு இருந்தது. அதன் முதல் வெளியீடே இந்தப் பாட்டுதான். இரண்டு மாதத்துக்குள் யூடியூபில் 10 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. ஒரு படத்தின் தயவும் கதாநாயகனின் முகமும் இல்லாமல் தமிழ்ப் பாட்டு ஒன்று அவ்வளவு தூரம் போனது அபூர்வம்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் சொல்லை ஆங்கிலமாகக் கேட்டால் கொண்டாட்டம். தமிழ்க் காதோடு கேட்டால் தாயைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டாவது சொல் 'என் சாமி'. இந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் இரண்டு வாழ்க்கை உண்டு. நடுத்தெரு வாசலில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து, "சாமி" என்று நம் தாத்தாக்கள் சொன்ன சொல் அது. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையை மடியில் தூக்கிப்போட்டு "எஞ்சாமி" என்று ஆச்சிமார் கொஞ்சிய சொல்லும் அதுதான். வெளியே கட்டாயத்தில் சொன்னதை வீட்டுக்குள் பிரியத்தோடு சொன்னார்கள். அறிவு இந்த இரண்டாவது சாமியை எடுத்துக்கொண்டார். நாய்க்கும் பூனைக்கும் குளத்துக்கும் எல்லாருக்கும் பங்கு உண்டு என்று சொல்லுகிற ஒரு பாட்டுக்குக் குனிந்து சொன்ன சாமி பொருந்தாது.

அறிவு அரக்கோணத்துக்காரர். பொறியியல் படித்தவர். பா. இரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியபோது அதில் பாடியவர். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் நின்ற அந்த இரவைப் பற்றி நம் இதழ்கள் அப்போதே எழுதின. அடுத்து 'காலா'வுக்குப் பாட்டு எழுதினார். 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பு வந்தது. அதனால் 2021இல் அவர் திடீரென்று முளைத்தவர் அல்லர். இதைச் சொல்லக் காரணம், பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அவர் யாரென்றே தெரியாத புதுமுகம் என்ற தோரணையில் சிலர் பேசினார்கள்.

பாட்டின் மையத்தில் இருப்பவர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். காணொலியிலும் அவர் வருகிறார். அறிவு பின்னாளில் வெளியிட்ட தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார். பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மனுஷி. அங்கிருந்து அனுப்பப்பட்டு இங்கே வந்து, உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் சொன்ன கதைகளிலிருந்துதான் பாட்டு வந்தது என்று அறிவு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே பாட்டின் வரலாறு 2021 மார்ச்சில் தொடங்கவில்லை. நாம் கடல் தாண்டிப் போக வேண்டும்.

போவது நமக்குப் புதிதும் அல்ல. இலங்கையில் ஆங்கிலேயர் காப்பி போட ஆரம்பித்த 1830களிலிருந்து திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களின் சேரிகள் காலியாகத் தொடங்கின. 1869இல் காப்பி இலையில் நோய் விழுந்து தோட்டங்கள் பாழானபின் அதே மலையில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுக்க வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் கடனாகத் தலையில் ஏறும். கடன் விவரம் எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. ஆள் மாறினால் கடனும் கூடவே மாறும். 1902இலிருந்து தகரத் துண்டு வந்தது. தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் பொறித்த சின்னத் தகரம். தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாம்களில் நம் ஆட்களை நிறுத்தி வைத்து, பார்த்து, பிறகு கப்பலேற்றினார்கள். தகரத்தில் எண் இருந்தது. பெயர் கிடையாது.

இந்தத் தகரத்தை மறந்துவிட வேண்டாம்.

நூறு வருஷத்துக்கு மேல் அந்த மலையைத் தோட்டமாக்கியவர்களை, இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர். அடுத்து வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த 5,25,000 பேரில் ஒருவரிடமும் 'உனக்கு எங்கே இருக்க வேண்டும்?' என்று யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் கொடுத்தது அரசு. தாயகம் என்று சொல்லப்பட்ட இந்த மண்ணைப் பலர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். கோத்தகிரி, கூடலூர் பக்கம் அரசின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொஞ்சம் பேர் போனார்கள். நமக்குப் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்குக் கொஞ்சம் பேர். மீதிப் பேர் கிடைத்த ஊரில் கிடைத்த வேலையைச் செய்தார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'.

கடல் தாண்டாமலே இதே கதையை வாழ்ந்தவர்கள் நம் தாமிரபரணிக்கு மேலே இருக்கிறார்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேலான மலைக்காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் எழுந்தன. காட்டை வெட்டி, அட்டைக்கடி பட்டு, செடி நட்டவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மலையேறியவர்கள், பெரும்பாலும் நம் ஜனங்கள். நான்கு தலைமுறை ஆயிற்று. லைன் வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். 1999இல் கூலி உயர்வு கேட்டார்கள். போராடியவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெண்கள் உட்பட, திருச்சிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுதலை செய்யக் கோரித்தான் ஜூலை 23 ஊர்வலம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனது. அதன்பின் நடந்ததை இந்தச் சபைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு முன்பே 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று காகிதம் நீட்டி இறங்கச் சொன்னது. நட்டுவளர்த்த மலையில் அவர்களுக்கு ஒரு சென்ட் பட்டா இல்லை. செடிக்கு வயது தெரியும், நட்டவர் யாரென்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

'எஞ்சாயி எஞ்சாமி'யின் நடுப்பகுதியில், ஆட்டம் சட்டென்று அடங்கி ஒரு குரல் அழத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. மரம் வைத்தவளின் குறை அது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்பார்கள். மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்து இப்போது நம் பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு பெரியம்மைக்குச் செல்போனில் அதைப் போட்டுக் காட்டினோம். கேட்டுவிட்டு, "இது எங்க ஊத்து எஸ்டேட் பொம்பளைய அழுத மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் இலங்கையைப் பார்த்தவர் அல்லர். அறிவு ஊத்தைப் பார்த்திருப்பாரா என்பது நமக்குத் தெரியாது.

ஒப்பாரி என்பதை இலக்கியக்காரர்கள் 'இரங்கற்பா' வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நம் தெருவில் அது ஒரு வேலை. மேலத்தெருவில் பெரிய சாவு விழுந்தால் நம் பெண்கள் போய் மாரடித்து அழ வேண்டும். கூலி நெல்லாகவோ சேலையாகவோ வரும். யாருக்காகவோ அழப்போன இடத்தில் தன் குறையையும் சேர்த்து அழுதுவிட்டு வருவார்கள். செத்தவரின் பெருமைக்கு நடுவே, தாலி அறுத்த தன் தங்கச்சியும் பட்டினி கிடந்த பிள்ளையும் அடியடியாக வந்துவிடும். கேட்கிறவர்களுக்கு அது பொதுவான துக்கம். அழுகிறவளுக்கு அது தன் கதை. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவது. அப்படிக் கட்டுகிறவளைக் கவி என்று யாரும் சொன்னதில்லை. 'நல்லா அழுவா' என்றுதான் சொன்னார்கள்.

நம் நாங்குநேரிக்காரர் நா. வானமாமலையை இங்கே நினைக்க வேண்டும். 1964இல் வந்த அவருடைய 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' இல்லாவிட்டால் நம் பெண்கள் பாடியதில் பாதி காற்றோடு போயிருக்கும். அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் பல பாடல்களின் கீழே மூன்று தகவல்கள் இருக்கும். சேகரித்தவர் இன்னார், இடம் இன்ன ஊர், உதவியவர் இன்னார். 'உதவியவர்' என்பது பாடியவர். தொண்டைக்குள் வைத்திருந்து, தாயிடம் கேட்டதோடு தன் அடியையும் சேர்த்து, பாடிக் கொடுத்தவள் சேகரிப்புக்கு உதவியவள் ஆகிவிட்டாள். வானமாமலையைக் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னால் தொகுத்தவர்கள் பலர் அந்தப் பெயரைக்கூடப் போட்டதில்லை. அவர் ஊரையும் பேரையும் அச்சில் ஏற்றினார், நேர்மையான மனுஷன். ஆனால் அந்தச் சொல் எங்களை உறுத்துகிறது. பாட்டு ஏற்கனவே எங்கோ பொதுவில் கிடந்தது போலவும், அந்தப் பெண் அதை எட்டி எடுத்துக் கொடுத்தது போலவும் ஒரு தோற்றத்தை அது தருகிறது. நாட்டார் பாடல் என்றால் ஆசிரியர் இல்லாதது என்று கல்லூரியில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியர் இல்லாமல் பாட்டு எப்படி வரும்? கேட்டு எழுதிக்கொள்ள யாரும் இல்லை, அவ்வளவுதான்.

மலையகத்திலும் இதே வேலையைச் சி.வி. வேலுப்பிள்ளை செய்தார். தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்து அவர் தந்திருக்காவிட்டால் லயத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் நமக்கு எட்டியிருக்காது. வள்ளியம்மாள் பேரனுக்குச் சொன்னதும் அந்த மரபுதான். அறிவு செய்த புதிய காரியம் ஒன்று உண்டு. சேகரிக்கிறவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், உதவியவரின் பேரனே மைக்கைப் பிடித்தார். பாட்டியின் பெயரைச் சொன்னார், முகத்தைக் காட்டினார். சாதியை மறைத்துவிட்டு 'மண்ணின் மணம்' என்று விற்கவில்லை.

அதே வாரங்களில் இன்னொரு பாட்டும் ஓடியதை மறக்கக் கூடாது. மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்துக்காகக் கிடாக்குழி மாரியம்மாளும் சந்தோஷ் நாராயணனும் பாடியது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் செய்ததை நினைவில் வைத்துக்கொண்டு எடுத்த படம் அது. அதிலும் ஒப்பாரிதான் பறையோடு எழுந்து வந்தது. இரண்டுக்கும் ஒரே இசையமைப்பாளர். தமிழ்நாடு அந்த மார்ச்சிலும் ஏப்ரலிலும் நம் அழுகைக்குத்தான் ஆடியது என்று சொன்னால் மிகையில்லை. பெருமைப்பட்டோம். பெருமை ஆகஸ்ட் வரை இருந்தது.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்து ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ஒருவர் 'எஞ்சாயி எஞ்சாமி' பாடியவர், இன்னொருவர் 'சார்பட்டா பரம்பரை'யின் 'நீயே ஒளி'யில் பாடியவர். இரண்டு பாட்டிலும் அறிவின் எழுத்து இருக்கிறது. அட்டையில் அறிவு இல்லை. அதற்குச் சற்று முன்னால் பிரெஞ்சு இசைக்காரர் டிஜே ஸ்நேக் இந்தப் பாட்டை மறுகலவை செய்தபோது நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஸ்பாட்டிஃபை வைத்த விளம்பரத்திலும் அறிவைக் காணோம். பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். ஒரு பிரச்சினை ஆனபின் அந்த இதழ் அறிவுக்குத் தனியாக ஒரு மின்னட்டை போட்டது. பந்தி முடிந்தபின் பின்வாசலில் இலை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதலமைச்சரும் முன்வரிசையில். தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதே பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாளில் அவர் ஒரு அறிக்கை போட்டார். மெட்டையோ ஒரு சொல்லையோ யாரும் தனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை, அது தன் முன்னோரின் வரலாறு, மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் உழைத்தேன் என்பது அதன் சாரம். சந்தோஷ் நாராயணனும் பதில் அறிக்கை போட்டார். மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கியது, தான் செய்தது இசைத் தயாரிப்பு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார். தீயும் எழுதினார். ஒவ்வொரு மேடையிலும் அறிவின் பெயரைச் சொல்லித்தான் வந்தேன், விளம்பரத்தில் யார் முகம் வருகிறது என்பது தன் கையில் இல்லை என்றார்.

மூன்றையும் நாங்கள் பலமுறை படித்தோம். இதில் தீயை வில்லியாக்கிப் பேசிய நம் இளைஞர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அவரும் இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர், அந்தக் குரல் இல்லாமல் பாட்டு இல்லை. மாரியம்மாளை 'மாற்று ஆள்' என்று எழுதியது அதைவிட மோசம். அவர் வாழ்நாளெல்லாம் பாடிய நம் வீட்டுப் பெண். சந்தோஷ் நாராயணனும் நம் பாட்டுக்குப் பெரிய மேடை தந்தவர்களில் ஒருவர். யாரும் திருடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் அட்டை, விளம்பரம், அரங்கம் என்று மூன்று இடத்தில் ஒரே ஆள் விடுபடுகிறார். அட்டை போட்டவருக்கும் விளம்பரம் வைத்தவருக்கும் விழா நடத்தியவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. இந்த நாட்டில் பறையடிப்பவரை விட்டுவிட்டுச் சாமியை மட்டும் படம் பிடிக்கக் கண்ணுக்கு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று வழக்கறிஞர் தோழரிடம் கேட்டோம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிக்கு எழுதியவர் ஆசிரியர், இசைக்கு இசையமைத்தவர் ஆசிரியர். ஒலிப்பதிவுக்கு மட்டும் 'ஆசிரியர்' என்பது அதைத் தயாரித்தவர். நாம் செல்போனில் கேட்பது ஒலிப்பதிவைத்தான். 2012இல் திருத்தம் வந்து எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை எழுதிக்கொடுத்து இழந்துவிட முடியாதபடி செய்தார்கள், அது நல்ல காரியம். வள்ளியம்மாள் பாடியதுக்கு? எழுத்திலோ பதிவிலோ இல்லாத வாய்ப்பாட்டுக்கு அந்தச் சட்டத்தில் உரிமைக்காரர் கிடையாது. புறம்போக்கு மாதிரி. நம் ஆட்கள் குடிசை போட்டுப் பண்படுத்தி வைத்திருக்கும் புறம்போக்கு யாருக்குப் போகும் என்று இந்தச் சபைக்குத் தெரியும்.

கதை அதோடு நிற்கவில்லை. 2024 மார்ச்சில், பாட்டுக்கு மூன்று வருஷம் ஆன சமயம், சந்தோஷ் நாராயணன் ஒரு காணொலியில் பேசினார். இந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்றார். ரஹ்மானும் இதில் ஏமாந்தவர்தான் என்றார். நிறுவனம் தன் தரப்பை வேறாகச் சொன்னது. யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆடிட்டர்கள் அல்லர். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று துண்டு ஞாபகம் வந்தது. மலையில் இருப்பவருக்குத் தன் கணக்கு எவ்வளவு என்று தெரியாது. கணக்குப் புத்தகம் எப்போதும் வேறொருவர் பெட்டியில் இருக்கும். இந்த முறை பெட்டி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கோடிக்கணக்கில் பார்வை என்று எண் மட்டும் எல்லாருக்கும் தெரிகிறது. மறந்துவிட வேண்டாம் என்று சொன்னோமே, அந்தத் தகரத்திலும் எண்தான் இருந்தது.

பெயர் விடுபடுவது சினிமாக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் மட்டும் செய்வதல்ல. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இடையன்குடி. 1841இல் கால்டுவெல் வந்து தங்கிய ஊர். அவருடைய 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' 1856இல் வந்தது. 1875இல் வந்த இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பில், பறையர்கள் திராவிடர்களா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆம் என்று வாதாடியிருக்கிறார். பறை என்ற முழவிலிருந்து வந்த பெயர் என்று பெயருக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறார். அவர் மறைந்தபின் 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. நீக்கினோம் என்று நீக்கியவர்கள் பறைசாற்றவும் இல்லை. திராவிடம் பற்றி நூறு வருஷம் பேசிய நாடு அந்தக் குறைபட்ட பதிப்பைப் படித்துத்தான் பேசியது. கவிதாசரண் இரண்டாம் பதிப்பை மறுபடி அச்சில் கொண்டுவந்தபின்தான் நம்மில் பலர் அந்தப் பக்கங்களைக் கண்ணால் பார்த்தோம். கால்டுவெல் நம்மைப் பற்றி எழுதியதெல்லாம் சரி என்று சொல்லவரவில்லை, அது வேறு ஒரு நாளின் பேச்சு. அட்டையிலிருந்து ஆளை எடுப்பதும் பதிப்பிலிருந்து பக்கத்தை எடுப்பதும் ஒரே கைப்பழக்கம்.

எங்கள் கையும் சுத்தம் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் போட்டோம். தேரியோரத்து ஊர்களில் பதினோரு பெண்களிடம் போய்க் கேட்டு எழுதியது. ஒப்பாரி, தாலாட்டு, நடவுப்பாட்டு. அட்டையில் மன்றத்தின் பெயர். உள்ளே தொகுத்தவர்கள் பெயர், அச்சுக் கூலிக்குப் பணம் தந்தவர்கள் பெயர், முன்னுரை தந்த பேராசிரியர் பெயர். பாடியவர்களைப் பற்றி முன்னுரையின் கடைசியில், 'பாடல்களைத் தந்துதவிய தாய்மார்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. பாடிய ஆச்சி ஒருவரிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும், ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறார். பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்டுக் கேட்டார்: "எய்யா, இதுல எம் பேரு எங்கன இருக்கு?"

எங்களிடம் பதில் இல்லை. இரஞ்சித் அந்த இதழைக் கேட்ட கேள்வியைத்தான் ஆச்சி எங்களைக் கேட்டார். அட்டைப் படத்தைக் கண்டித்து நாங்கள் தீர்மானம் போட்டதும் அதே வருஷம்தான்.

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு இன்று வாசலில் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் கட்டிப் பாடியவர் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கிறது. விற்கிற பணத்தில் முதல் பாதி அவர்களுக்கு என்று ஒப்பந்தம் எழுதி, வாசித்துக்காட்டி, கைநாட்டு வாங்கியிருக்கிறோம். பதினோரு பேரில் இரண்டு பேர் இதைப் பார்க்காமலே போய்விட்டார்கள், அவர்கள் பங்கு பிள்ளைகளுக்குப் போகும். கேள்வி கேட்ட ஆச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இன்னும் சற்று நேரத்தில் பாடுவார். பதிவு செய்ய விரும்புகிறவர்கள் முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், ஒவ்வோர் ஆண்டும் செய்வதுபோல, தாமிரபரணியில் போன பதினேழு பேரின் பெயர்களையும் வாசிக்கிறோம். ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயரிலிருந்து தொடங்குகிறோம். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டுகிறோம்.